பேனர்காரரிடம் கேளுங்கள்: டச்சு ஓவியம் பார்க்கக் கிளம்புகிறவர்களுக்கு

ராயப்பேட்டைப் பட்டறை ஒன்றில் 1974-ல் கட்டம் போடும் பையனாகச் சேர்ந்தவன் நான். ஃப்ளெக்ஸ் வந்து எங்களை வீட்டுக்கு அனுப்பும்வரை சினிமா பேனர்தான் பிழைப்பு. மகனுக்கு ஐந்தோவனில் வேலை. அந்தப் புண்ணியத்தில் 2014, 2019, 2023 என்று மூன்று தடவை நெதர்லாந்து போய் வந்தாயிற்று. பேரனைப் பார்க்கப் போனதாகத்தான் பெயர். பாதி நாள் மியூசியத்தில் கிடந்தேன். போன இதழில் அதைப் பற்றி நாலு வரி எழுதியதற்கு ஒரு கட்டுக் கடிதம் வந்திருக்கிறது. பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருப்பதால் ஊர் மட்டும் போடுகிறேன்.

கேள்வி: நானும் கணவரும் மே மாதம் பத்து நாள் நெதர்லாந்து போகிறோம். டூர்காரர்கள் கொடுத்த பட்டியலில் துலிப் தோட்டம், காற்றாலை, படகு, மரச்செருப்புக் கடை எல்லாம் இருக்கிறது. மியூசியத்துக்கு ஒரே ஒரு மணி நேரம். எங்களுக்கு ஓவியம் பார்க்கத்தான் ஆசை. எந்த ஊர், எந்த வரிசை?
(வாசகி, அண்ணா நகர்)

பதில்: அம்மா, முதலில் அந்தப் பட்டியலை நாலாக மடித்து பீரோவில் வையுங்கள். ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியத்தில் 80 அறைகள், காட்சிக்கு 8,000 பொருட்கள். ஒரு மணி நேரத்தில் அங்கே கழிப்பறையைக் கண்டுபிடித்துத் திரும்பலாம், அவ்வளவுதான்.

ஆம்ஸ்டர்டாம், ஹார்லெம், லைடன், டென் ஹாக், டெல்ஃப்ட் ஆகிய ஐந்து ஊரும் பக்கம் பக்கம். ரயிலில் ஆம்ஸ்டர்டாமிலிருந்து டெல்ஃப்ட் போக ஒரு மணி நேரம் போல ஆகும். நம் பீச் ஸ்டேஷனிலிருந்து செங்கல்பட்டு போவதைவிடக் குறைவு. அதனால் ஊர் ஊராகப் பெட்டியைத் தூக்க வேண்டாம். லைடனிலோ ஹார்லெமிலோ ஓர் அறை எடுத்துக்கொண்டு தினம் ஒரு ஊர் போய் வாருங்கள். ரயில் நிலைய வாசலில் பாங்க் கார்டைத் தட்டிவிட்டு ஏறலாம். இறங்கும்போதும் தட்ட வேண்டும். முதல் நாள் நான் தட்ட மறந்து, மகனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

எல்லோரும் ஆம்ஸ்டர்டாமில் ஆரம்பிப்பார்கள். நீங்கள் ஹார்லெமில் ஆரம்பியுங்கள். அங்கே ஃபிரான்ஸ் ஹால்ஸ் என்று ஒரு கிழவர் இருக்கிறார். இருந்தார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முதியோர் இல்லம் ஒன்றின் நிர்வாகிகளைத் தனியாகவும் நிர்வாகப் பெண்மணிகளைத் தனியாகவும் 1664-ல் வரைந்து கொடுத்தார். அப்போது அவருக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. கையில் காசில்லை, நகரசபை கொடுத்த உதவித்தொகையில் வண்டி ஓடியது. அந்த இரண்டு படமும் இன்று தொங்குவது அதே முதியோர் இல்லக் கட்டடத்தில். 1913-லிருந்து அதுதான் அவர் பெயரிலுள்ள மியூசியம்.

பெண்கள் படத்துக்கு முன்னால் நில்லுங்கள். கறுப்பு உடை, வெள்ளைக் காலர், ஐந்து கிழவிகள். பத்தடி தள்ளி நின்றால் கை கையாகத் தெரியும், நரம்பு தெரியும். அப்படியே நடந்து கிட்டே போங்கள். கை காணாமல் போய்விடும். இழுத்துவிட்ட நாலு பிரஷ் கோடுதான் மிஞ்சும். இது எங்கள் தொழில் ரகசியம். மவுண்ட் ரோட்டில் பஸ் ஜன்னலிலிருந்து பார்க்கிறவனுக்காக ஹீரோ கன்னத்தில் பச்சை நீலத்தை ஒரு இழு இழுப்போம். சாரத்தில் ஏறிப் பார்த்தால் கன்னமே இருக்காது, நீலக் கோடுதான் இருக்கும். முந்நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் அதை ஒருவர் செய்திருப்பதைப் பார்த்ததும், எங்கள் மாஸ்டரை நினைத்துக்கொண்டேன். ஹால்சிடம் 27 விதமான கறுப்பு இருந்திருக்க வேண்டும் என்று வான்கோ தன் தம்பிக்கு எழுதியிருக்கிறார். நான் எண்ண உட்கார்ந்தேன். ஒன்பதில் கண் கலங்கிவிட்டது.

ஹார்லெமில் இந்த ஒரு படத்தைப் பழகிக்கொண்டால் மற்ற ஊர்களில் கண் தானாக வேலை செய்யும். மீதிப் பொழுதில் பெரிய கோவில் என்கிற தேவாலயத்துக்குப் போங்கள். 1738-ல் செய்து முடித்த ஆர்கன் இருக்கிறது. பத்து வயது மோட்சார்ட் 1766-ல் வந்து வாசித்தது. பிறகு ‘ஹோஃப்யே’ என்கிற முற்றங்களைத் தேடிப் பாருங்கள். ஏழைக் கிழவிகளுக்காகப் பணக்காரர்கள் கட்டி வைத்த சின்னச் சின்ன வீடுகள், நடுவில் ஒரு தோட்டம். திருவல்லிக்கேணி ஒண்டுக் குடித்தன முற்றத்தைத் துடைத்துப் பெருக்கி, சண்டையை மட்டும் எடுத்துவிட்ட மாதிரி இருக்கும். இன்றும் ஆட்கள் குடியிருக்கிறார்கள், சத்தம் போடக்கூடாது.

அடுத்து லைடன் ஒரு நாள், டென் ஹாக்கும் டெல்ஃப்டும் இரண்டு நாள், கடைசியாக ஆம்ஸ்டர்டாம் மூன்று நாள். சின்ன ஊர்களில் திங்கட்கிழமை பல மியூசியங்களுக்கு விடுமுறை. அதைப் பார்த்து நாள் போடுங்கள். கட்டட வேலைக்காகவும் அவ்வப்போது மூடுவார்கள், கிளம்புவதற்கு முன் ஒரு தடவை இணையத்தில் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: ‘நைட் வாட்ச்’ படத்தை போனில் பார்த்தேன். ஒரே இருட்டு, ஒரே கும்பல். இதற்கு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம்?
(வாசகர், கொளத்தூர்)

பதில்: தம்பி, போனில் பார்த்தால் எங்கள் நாற்பதடி கட்-அவுட்டும் தீப்பெட்டி லேபிள்தான். ரைக்ஸ்மியூசியத்தில் இருக்கும் அந்த ரெம்பிராண்ட் படம் 12 அடிக்கு மேல் உயரம், ஏறக்குறைய 15 அடி அகலம். நேரில் நின்றால் முன்னால் வருகிற கேப்டனின் கை உங்கள் சட்டையைப் பிடிக்க வருகிற மாதிரி இருக்கும். அந்தக் கையின் நிழல் பக்கத்து லெப்டினன்ட்டின் மஞ்சள் கோட்டின்மேல் விழுகிறது பாருங்கள். அந்த நிழலுக்காக மட்டுமே ரெம்பிராண்டுக்குக் காலில் விழலாம்.

கதை இது. ஆம்ஸ்டர்டாம் ஊர்க்காவல் படை ஒன்று தங்கள் மண்டபத்தில் மாட்ட குரூப் படம் கேட்டது. 1642-ல் ரெம்பிராண்ட் முடித்துக் கொடுத்தார். படத்தில் முகம் வர ஆளுக்குச் சராசரி 100 கில்டர் (அந்தக் காலத்து டச்சுக் காசு). முன்னால் பளிச்சென்று நிற்கிறவருக்குக் கூட, பின்னால் நிற்கிறவருக்குக் குறைச்சல். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எங்கள் பட்டறையிலும் ஹீரோ முகம் இத்தனை அடி, வில்லன் முகம் இத்தனை அடி என்று ஆபீஸிலிருந்து சீட்டு வரும். காமெடியன் முகம் ஓரங்குலம் பெரிதாகப் போய்விட்டால் இரவோடு இரவாக அழித்து வரைய வேண்டும். மற்ற ஓவியர்கள் காசு கொடுத்தவர்களை வரிசையாக நிற்கவைத்து, ரேஷன் கார்டு போட்டோ மாதிரி வரைந்துகொண்டிருந்த காலத்தில், ரெம்பிராண்ட் படையைக் கிளப்பி நடக்க விட்டார். ஒருவன் துப்பாக்கியில் மருந்து அடைக்கிறான், ஒருவன் முரசு கொட்டுகிறான், நாய் குரைக்கிறது. நடுவில் தங்க உடுப்பில் ஒரு சிறுமி, இடுப்பில் செத்த கோழி தொங்குகிறது. கோழி நகம்தான் அந்தப் படையின் சின்னம். கட்சிக் கொடியைக் குழந்தை கையில் கொடுத்த மாதிரி.

இன்னொன்று, அது இரவே இல்லை. அந்தப் பெயர் ரொம்பப் பிந்தி வந்தது. வார்னிஷ் கறுத்து, அழுக்கேறி, பகல் காட்சி ராத்திரியாகிவிட்டது. 1715-ல் நகர மண்டபத்துக்கு எடுத்துப்போனபோது சுவரில் இடம் போதவில்லை என்று நாலு பக்கமும் வெட்டிவிட்டார்கள். இடது பக்கத்தில் இரண்டு ஆளும் ஒரு பையனும் போயே போய்விட்டார்கள். எனக்கும் இது நடந்திருக்கிறது. தியேட்டர் ஒன்றின் வாசலில் கரண்ட் கம்பம் இடிக்கிறது என்று, மூன்று நாள் கண் விழித்து வரைந்த ஹீரோவின் முழங்கையை மானேஜர் ரம்பத்தால் அறுத்தார். நல்லவேளை, என்னுடையதை மியூசியத்தில் வைக்கவில்லை, யாருக்கும் தெரியாது.

நான் 2019-ல் போனபோது படத்தைச் சுற்றிக் கண்ணாடி அறை கட்டி, ஜனங்கள் பார்க்கப் பார்க்கவே ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. பழைய வார்னிஷை எடுக்கிற வேலை 2024 நவம்பரில் ஆரம்பித்தது. அதனால் நீங்கள் போகிறபோது ஆட்கள் வேலை செய்துகொண்டிருந்தால் ஏமாந்துவிட்டோம் என்று நினைக்காதீர்கள். ஓவியத்தில் வேலை நடப்பதைப் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

கேள்வி: ‘முத்துத் தோடு போட்ட பெண்’ டெல்ஃப்டில்தானே இருக்கிறது? வெர்மீர் அந்த ஊர்க்காரர் ஆயிற்றே.
(வாசகி, கே.கே. நகர்)

பதில்: இல்லை. டெல்ஃப்டில் வெர்மீரின் ஒரு படம்கூட இல்லை. அங்கே அவர் பெயரில் உள்ள காட்சி மையத்தில் இருப்பவை எல்லாம் அச்சுப் பிரதிகள். அந்தப் பெண் இருப்பது டென் ஹாக் நகரத்து மவுரிட்ஸ்ஹௌஸில். 1881-ல் ஏலத்துக்கு வந்தபோது போன விலை 2 கில்டர், மேலே 30 சென்ட் கமிஷன். வாங்கியவர் தன் காலத்துக்குப் பிறகு மியூசியத்துக்கு என்று எழுதி வைத்துவிட்டார்.

கிட்டே போய்த் தோட்டைப் பாருங்கள். காதில் மாட்டக் கொக்கியே கிடையாது. மேலே அழுத்தமாக ஒரு வெள்ளை, கீழே காலரின் வெளிச்சம் மங்கலாக ஒரு தடவல், அவ்வளவுதான் முத்து. நாங்கள் ஹீரோயின் மூக்குத்திக்கு வைக்கிற அதே இரண்டு பொட்டு. ஆனால் தலைத்துணியின் நீலம் எங்களுக்குக் கட்டுப்படியாகாது. ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த கல்லை அரைத்த நீலம் அது. நாங்கள் பாரிமுனையில் பவுடர் வாங்கி ஆளிவிதை எண்ணெயில் குழைத்தவர்கள். எண்ணெய் மட்டும் அவர்களுக்கும் எங்களுக்கும் ஒன்றுதான்.

அதே மியூசியத்தில் வெர்மீர் வரைந்த டெல்ஃப்ட் ஊர்க்காட்சியும் இருக்கிறது. காலையில் அதன் முன்னால் அரை மணி நேரம் நில்லுங்கள். முன்னால் உள்ள கூரைகள் மேக நிழலில் இருக்கும். வெயில் பின்னால் புதுக்கோவில் கோபுரத்தில்தான் விழும். மழை விட்ட சாயங்காலம் தெப்பக்குளத்தின் எதிர்க்கரையில் நின்றால் கபாலீஸ்வரர் கோபுரத்தில் மட்டும் வெயில் அடிக்குமே, அதே கணக்கு. மத்தியானம் ஒன்றாம் நம்பர் டிராமில் ஏறினால் டெல்ஃப்ட். தெற்கே கால்வாய்க் கரையில், ஹோய்காடே என்று கேட்டால் காட்டுவார்கள், அவர் பார்த்த திசையிலிருந்து பார்க்கலாம். கோட்டை வாசல்கள் போய்விட்டன. தண்ணீர் இருக்கிறது, கோபுரம் இருக்கிறது, மேகத்துக்குப் பஞ்சமில்லை.

பழைய கோவிலின் கோபுரம் ஒரு பக்கம் சாய்ந்தே நிற்கும், பயப்பட வேண்டாம். உள்ளே தரையில் வெர்மீரின் பெயர் உள்ள கல் இருக்கிறது. 1675-ல் கடனோடு செத்தார். ரொட்டிக்கடை பாக்கி மட்டும் 600 கில்டருக்கு மேல். அதற்கு ஈடாக மனைவி இரண்டு படங்களைக் கடைக்காரரிடம் கொடுத்தாள். மளிகைக்கடையில் கணக்கு வைத்து வாழ்ந்த எந்தக் கலைஞனும் அந்தக் கல்லை மிதித்துக்கொண்டு போக மாட்டான்.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். முட்டைகூடக் கிடையாது. பட்டினிதானா?
(வாசகி, மேற்கு மாம்பலம்)

பதில்: மாமி, பான்கேக்கில் முட்டை உண்டு, கேட்காமல் சாப்பிடாதீர்கள். ரொட்டியும் சீஸும் எங்கும் கிடைக்கும். டென் ஹாக்கில் சுரினாம்காரர்களின் (தென் அமெரிக்காவில் டச்சுக்காரர்களின் பழைய காலனி) ரொட்டிக் கடைகள் நிறைய. 1873-லிருந்து இந்தியாவிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறியவர்களின் வாரிசுகள். உருளைக்கிழங்கும் நீளக் காராமணியும் போட்ட சைவ ரொட்டி கேளுங்கள். பருப்புப்பொடி டப்பா கையில் இருக்கட்டும்.

கேள்வி: வான்கோ மியூசியத்துக்கு அங்கே போய் டிக்கெட் எடுத்துக்கொள்ளலாமா?
(வாசகர், தாம்பரம்)

பதில்: முடியாது. தேதியும் மணியும் குறித்து இணையத்தில் முன்கூட்டியே எடுக்க வேண்டும். 2014-ல் இது தெரியாமல் 2023-ல் தெரிந்துகொண்டேன் என்று சொன்னால் நம்புவீர்களா? முதல் தடவை மகன் எடுத்துக் கொடுத்தான், நான் பேசாமல் பின்னால் போனேன். மூன்றாவது தடவை கெத்தாகத் தனியாகப் போய், வாசலில் நின்ற பெண் சிரித்துக்கொண்டே கையை விரிக்க, திரும்பி வந்தேன்.

அந்தக் கோபத்தில் மறுநாள் மகனை இழுத்துக்கொண்டு ஓட்டர்லோ போனது நல்லதாயிற்று. பெரிய காடு, அதற்கு நடுவில் குரோலர்-முல்லர் மியூசியம். ஆம்ஸ்டர்டாமுக்கு அடுத்தபடி வான்கோ படங்கள் அதிகம் இருப்பது அங்கேதான். காட்டு வாசலில் வெள்ளை சைக்கிள்கள் வரிசையாக நிற்கும். காசில்லை, எடுத்து ஓட்டலாம். ஆனால் கையில் பிரேக் இருக்காது, பெடலைப் பின்பக்கம் மிதித்தால்தான் நிற்கும். அதை மகன் சொன்னபோது நான் மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் இறக்கத்திலேயே புதருக்குள் போய்விட்டேன். முழங்கையில் சிராய்ப்போடு வான்கோவின் ராத்திரிக் காபிக்கடைப் படத்தைப் பார்த்தவன் நான். மஞ்சளைச் சுவரில் அப்பி வைத்திருக்கிறார் மனிதர். எங்கள் பட்டறையில் அவ்வளவு மஞ்சள் எடுத்தால் முதலாளி டப்பாவைப் பிடுங்கிவிடுவார்.

ஐந்தோவன் பக்கம் போகிறவர்கள் நூனனையும் விட்டுவிடாதீர்கள். 1885-ல் அவர் உருளைக்கிழங்கு சாப்பிடும் குடும்பத்தை வரைந்த ஊர். படம் ஆம்ஸ்டர்டாமில் இருக்கிறது; ஊரும் அவர் அப்பா இருந்த பாதிரியார் வீடும் அங்கேயே இருக்கின்றன.

கேள்வி: ஒன்பது வயது மகனைக் கூட்டிப்போகிறேன். மியூசியம் என்றாலே அழுகிறான்.
(வாசகி, வேளச்சேரி)

பதில்: அழுகிற பிள்ளையை ஆம்ஸ்டர்டாமில் ரெம்பிராண்ட் வீட்டுக்குக் கூட்டிப்போங்கள். 1639-ல் 13,000 கில்டருக்குக் கடன்பட்டு வாங்கிய வீடு. 1656-ல் திவாலாகி எல்லாம் ஏலத்துக்குப் போனது. கோர்ட் ஆட்கள் எழுதிய பட்டியலில் 363 உருப்படி. அந்தப் பட்டியலை வைத்துத்தான் இன்று வீட்டை மறுபடி நிரப்பியிருக்கிறார்கள். ஓர் அறையில் கல்லை அரைத்துச் சாயம் கலந்து காட்டுவார்கள். இன்னொன்றில் செப்புத் தகட்டில் கீறி, மை தடவி, அச்சு எடுத்துக் காட்டுவார்கள். பையன் கையில் மை ஆனால் அழுகை நின்றுவிடும்.

அங்கே அவனிடம் ஒரு புதிர் போடுங்கள். ரெம்பிராண்ட் நிறையச் சிப்பி சேர்த்து வைத்திருந்தார், நம் கடல் பக்கத்துச் சிப்பிகள்கூட. 1650-ல் புள்ளி போட்ட ஒரு கூம்புச் சிப்பியை அப்படியே பார்த்துத் தகட்டில் கீறினார். அச்சில் எல்லாம் இடம் வலமாக மாறிவிடும் இல்லையா? கையெழுத்தைத் திருப்பிப் போட ஞாபகம் இருந்தது, சிப்பியைத் திருப்பவில்லை. விளைவு, படத்தில் அதன் சுழி தப்பான பக்கம் சுற்றுகிறது. வலம்புரி, இடம்புரி பேதம் தெரிந்த நம் வீட்டுப் பாட்டிகள் பார்த்தவுடனே பிடித்துவிடுவார்கள். பையனையும் பிடிக்கச் சொல்லுங்கள். ரைக்ஸ்மியூசியத்தில் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு டிக்கெட் இல்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: விசா, விமானம் எல்லாம் எங்களுக்கு எட்டாது. சென்னையில் இருந்துகொண்டே டச்சுக்காரர்களைப் பற்றித் தெரிந்துகொள்ள வழி உண்டா? தரங்கம்பாடி போகலாமா?
(வாசகர், எண்ணூர்)

பதில்: தரங்கம்பாடி டேனிஷ்காரர்களுடையது, ஐயா. டச்சும் டேனிஷும் வேறு. நீங்கள் எண்ணூரில் உட்கார்ந்துகொண்டு இதைக் கேட்கிறீர்களே, பழவேற்காடு உங்களுக்குக் கொல்லைப்புறம்! பொன்னேரியில் ரயிலை விட்டு இறங்கி பஸ் பிடித்தால் 18 கிலோமீட்டர். 1613-ல் டச்சுக்காரர்கள் அங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690-ல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரை முழுவதற்கும் அவர்களுடைய தலைமையிடம் அதுதான். கோட்டையில் இன்று புதரும் செங்கல்லும்தான். கல்லறைத் தோட்டத்துக்குப் போங்கள்.

வாசலிலேயே இரண்டு எலும்புக்கூடுகள் கல்லில் நிற்கும், மண்டையோடும் மணற்கடிகாரமுமாக. சின்ன வயதில் மீன் வாங்கப் போன அப்பாவோடு போய் அதைப் பார்த்துப் பயந்திருக்கிறேன். பேய் என்றுதான் நினைத்தேன். நாற்பது வருஷம் கழித்து ரைக்ஸ்மியூசியத்தில் மேஜை மேல் மண்டையோடு, அணைந்த விளக்கு, கடிகாரம், கவிழ்ந்த கோப்பை என்று வரைந்த படங்களைப் பார்த்தபோதுதான் பொறி தட்டியது. ‘வானிதாஸ்’ என்று பெயர். காயமே இது பொய்யடா என்று நாம் பாடுவதை அவர்கள் மேஜையில் அடுக்கி வரைந்தார்கள். லைடனில் அது ஒரு காலத்தில் ஊர்ப் பழக்கம் மாதிரி. அதே சாமான்களைத்தான் நம் மீனவர் ஊரில் கல்லில் செதுக்கி நட்டிருக்கிறார்கள். உள்ளே கல்லறைப் பலகைகளில் எழுத்தின் வெட்டைப் பாருங்கள். போர்டு எழுதிப் பழகியவன் சொல்கிறேன், எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவில் விட்ட இடத்தில் ஒரு பிசிறு கிடையாது. தெற்கே கல்பாக்கம் பக்கம் சதுரங்கப்பட்டினத்திலும் ஒரு டச்சுக் கோட்டையும் கல்லறைகளும் உண்டு.

பழவேற்காட்டிலிருந்து கப்பலில் போனது முக்கியமாகத் துணி. கையால் எழுதிச் சாயம் போட்ட நம் பூத்துணிக்கு அங்கே ‘சிட்ஸ்’ என்று பெயர். மியூசியங்களில் அந்தத் துணியில் தைத்த அங்கியும் பாவாடையும் கண்ணாடிக்குள் தொங்குகின்றன. ஓவியம் பார்க்கப் போன என் மனைவி அங்கேதான் அதிக நேரம் நின்றாள்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். ரைக்ஸ்மியூசியத்தில் தண்ணீர் சூழ்ந்த ஓர் ஆசியக் கூடம் இருக்கிறது. அதற்குள் நம் ஊர் நடராஜர், பன்னிரண்டாம் நூற்றாண்டு, ஐந்தடி உயரம், உள்ளே பொள்ளல் இல்லாத கெட்டி வார்ப்பு. என் மனைவி செருப்பைக் கழற்றிவிட்டுக் கை கூப்பினாள். காவலர் இரண்டடி எடுத்து வைத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, திரும்பி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார்.

லைடனுக்கு நான் போனது ரெம்பிராண்ட் 1606-ல் பிறந்த ஊர் என்பதற்காக மட்டுமல்ல. ஆனைமங்கலம் செப்பேடுகள் நான் போன காலத்தில் அந்தப் பல்கலைக்கழக நூலகத்தில்தான் இருந்தன. நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு ராஜராஜன் ஊர் கொடுத்த சாசனம், 21 ஏடுகள், ஏறக்குறைய 30 கிலோ. முன்கூட்டி அனுமதி வாங்காமல் போய் நின்றதால் காட்டவில்லை. வெளியே கால்வாய்ப் பாலத்தில் நின்று கட்டடத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்தேன்.

கேள்வி: கொள்ளையடித்த பணத்தில் வளர்ந்த கலையை இப்படித் தூக்கிவைத்து எழுதுகிறீர்களே. பழவேற்காட்டிலிருந்து துணி மட்டுமா போனது? ஆட்களையும் அடிமைகளாக ஏற்றினார்களே.
(வாசகர், வியாசர்பாடி)

பதில்: ஏற்றினார்கள். பஞ்சக் காலத்தில் வாங்கி, பழவேற்காட்டிலிருந்து படேவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) அனுப்பினார்கள். போன பதிலில் துணி என்று எழுதிவிட்டு அதை விட்டது என் தப்பு. மவுரிட்ஸ்ஹௌஸ் இருக்கிறதே, அது பிரேசிலில் டச்சு கவர்னராக இருந்த யோஹான் மவுரிட்ஸ் கட்டிய வீடு; கரும்பும் அடிமை வியாபாரமும் அவர் ஆட்சியில் உண்டு. அந்தக் காலத்து ஜனங்களே அதைச் சர்க்கரை வீடு என்று கிண்டல் செய்தார்கள். ரைக்ஸ்மியூசியம் 2021-ல் அடிமை முறையைப் பற்றியே ஒரு கண்காட்சி வைத்தது.

என் அனுபவத்திலிருந்து ஒன்று சொல்கிறேன், ஏற்பதும் மறுப்பதும் உங்கள் இஷ்டம். எங்கள் பேனருக்கு வந்த காசு எப்படிப்பட்ட காசு என்று எனக்குத் தெரியும். அதை வாங்கித்தான் வீட்டு வாடகை கொடுத்தேன். ஆனால் பிரஷ் பிடித்த கை என்னுடையது. ஹால்ஸ், வெர்மீர் படங்களுக்கு முன்னால் நிற்கும்போது எனக்குத் தெரிவது அந்தக் கை. மேஜையில் கிடக்கிற மிளகையும் சீனப் பீங்கானையும் கம்பளத்தையும் பார்க்கும்போது மட்டும், இது எந்தத் துறைமுகத்தில் ஏற்றியது என்று மனசு கேட்கும். இரண்டையும் சேர்த்தே பார்க்கிறேன். கேள்வி வராமல் பார்க்க எனக்கு இப்போது முடிவதில்லை, உங்கள் கடிதத்துக்குப் பிறகு இன்னும் முடியாது.

கேள்வி: மியூசியத்துக்குள் படம் வரையலாமா?
(கவின்கலைக் கல்லூரி மாணவி, எழும்பூர்)

பதில்: பென்சிலில் வரையலாம் மகளே. சாயம், பேனா வேண்டாம். போட்டோவும் பல இடங்களில் எடுக்கலாம், ஃபிளாஷ் கூடாது. பெரிய பையை வெளியே வாங்கி வைத்துவிடுவார்கள். ஒரு நாளைக்கு மூன்று படத்துக்கு மேல் வரையாதே. நான் முதல் நாள் பதினாலு வரைந்தேன், ஒன்றும் உருப்படவில்லை.

கேள்வி: 1983 வாக்கில் மவுண்ட் ரோட்டில் ஒரு பேனரில் ஹீரோவின் மூக்கு கோணலாக இருந்தது. காலேஜ் பையன்கள் நாங்கள் பஸ்ஸை நிறுத்திச் சிரிப்போம். அது உங்கள் கைவரிசையா?
(வாசகர், ராயப்பேட்டை)

பதில்: இந்தக் கேள்வி என்றைக்காவது வரும் என்று தெரியும்.

ரைக்ஸ்மியூசியத்தில் ‘ஒல்லிப் படை’ என்று செல்லப் பெயர் வைத்த ஒரு குரூப் படம் இருக்கிறது. ஆம்ஸ்டர்டாம் படை ஒன்று 1633-ல் ஃபிரான்ஸ் ஹால்சிடம் கொடுத்த வேலை. ஹார்லெமிலிருந்து ஆம்ஸ்டர்டாம் இருபது கிலோமீட்டர் சொச்சம்தான். கிழவர் நாலு நடை வந்தார், அப்புறம் வர மாட்டேன், வேண்டுமானால் நீங்கள் இங்கே வந்து நில்லுங்கள் என்று சொல்லிவிட்டார். படை அசையவில்லை, அவரும் அசையவில்லை. கடைசியில் பீட்டர் கோடே என்று உள்ளூர் ஓவியரை வைத்து 1637-ல் மிச்சத்தை முடித்தார்கள். இன்றைக்கும் இடது பக்கம் பார்த்தால் பிரஷ் பறக்கும். வலது பக்கம் எல்லாம் வழுவழு, பட்டுத்துணி ஒவ்வொரு மடிப்பாக மினுங்கும். இரண்டு கை, ஒரு படம். அந்தப் படத்துக்கு முன்னால் நின்று நான் சிரித்ததைப் பார்த்து மகன் என்னப்பா என்றான்.

எங்கள் பட்டறையில் முகம் மாஸ்டருடையது, எழுத்து இன்னொருவருடையது, துணிமணி எனக்கு. அந்த பேனர் அன்று மாஸ்டருக்குக் காய்ச்சல், மறுநாள் ரிலீஸ். வேறு பட்டறையிலிருந்து ஒருவரை ராத்திரியோடு கூட்டி வந்து முகத்தை முடித்தார்கள். மூக்கைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. சிவப்புச் சட்டை மட்டும் நான் போட்டது. சட்டை நன்றாக இருந்ததா இல்லையா, அதைச் சொல்லுங்கள்.